கேள்வி இல்லாத ஆங்கிலம்

‘கேள்வி’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. செவியால் கேட்பதும் கேள்வி. வாயால் வினவுவதும் கேள்வி. ‘கேள்’ என்னும் ஒரே வினை இரண்டுக்கும் வேராக நிற்கின்றது. திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம். கேள்வி 42ஆம் அதிகாரம். அதனை அடுத்து 43ஆம் அதிகாரமாக அறிவுடைமை வருகின்றது. கேள்வியைக் கடந்துதான் அறிவுடைமைக்குச் செல்லவேண்டும் என்று அந்த வரிசைக்கு நாம் பொருள்கொள்கின்றோம். இத்தகைய மொழியைத் தாய்மொழியாகப் பெற்ற நாம், நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும்போது மட்டும், இருவகைக் கேள்வியையும் வகுப்பறை வாசலிலேயே கழற்றி வைக்கச் செய்கின்றோம். அங்கே செவிக்கும் வேலையில்லை, வினாவுக்கும் இடமில்லை. இதனை மூடி மறைக்காமல் பேசியாகவேண்டும் என்று கருதுவதாலேயே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

மத்ரஸாவில் ஓதி, அரபும் தமிழும் கற்பித்துவரும் நமக்கு ஆங்கிலக் கல்வியைப் பற்றிப் பேச என்ன தகுதி இருக்கின்றது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அயல்மொழி ஒன்றைத் தமிழ்ப் பிள்ளையின் செவிக்குள் கொண்டு செலுத்துவதே முப்பதாண்டுகளாக நம் தொழில். அந்தத் தொழிலில் எது பயன் தந்தது, எது வீணாயிற்று என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கின்றோம். அந்த அளவிலேயே பேசுகின்றோம்.

நம் மக்தபில் ஓதிய இளைஞர் ஒருவர். பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் 100க்கு 92 மதிப்பெண் பெற்றவர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தொலைபேசி வழியாக அவரை நேர்முகம் கண்டது. இரவு நேரத்தில் பணிபுரிவதில் தடை உண்டா என்ற பொருளில், ‘டூ யூ மைண்ட்’ என்று தொடங்கி மறுமுனையில் இருந்தவர் கேட்டார். இவர் ‘யெஸ் சார்’ என்றார். ‘ஆம், தடை உண்டு’ என்று அதற்குப் பொருளாகிவிட்டது. அடுத்து, ‘உங்களிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை, அல்லவா?’ என்று கேட்டார். இவரிடம் உரிமம் இல்லை. தமிழில் நாம் ‘ஆமாம், இல்லை’ என்போம் அல்லவா? அந்தப் பழக்கத்தில் மீண்டும் ‘யெஸ் சார்’ என்றார். ஆங்கிலத்தில் அதற்கு ‘உண்டு’ என்று பொருள். பின்னர் உரிமத்தின் எண்ணைக் கேட்டபோது இவர் விழித்தார். ஐந்து நிமிடத்தில் உரையாடல் முடிந்துபோயிற்று.

மறுநாள் அவருடைய வாப்பா மதிப்பெண் பட்டியலோடு நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், நாங்க எதுல குறை வச்சோம்? பீஸு கட்டுனதுலயா, டியூஷன் வச்சதுலயா?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. அவர் எதிலும் குறை வைக்கவில்லை. பிள்ளையும் சோம்பேறி அல்லர். குறை வைத்தவர்கள் கற்பிக்கும் தரப்பில் இருக்கும் நாமே. அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தைக் கண்ணுக்குக் காட்டினோம். செவிக்குத் தரவில்லை. கேட்டது விளங்காதபோது, ‘ஐயா, தாங்கள் கேட்பது எனக்கு விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்’ என்று கேட்கும் துணிவையும் தரவில்லை. ‘யெஸ் சார்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் குறைவின்றித் தந்தோம்.

நம் ஊர்களின் ஆங்கில வகுப்பு எப்படி நடக்கின்றது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் ஒரு பத்தியைப் படிக்கின்றார். உடனே தமிழில் பொருள் சொல்கின்றார். ‘அண்டர்ஸ்டேண்ட்?’ என்கின்றார். ஐம்பது பிள்ளைகள் ஒரே குரலில் ‘யெஸ் சார்’ என்கின்றனர். யாருக்கு விளங்கியது, யாருக்கு விளங்கவில்லை என்று ஆசிரியர் அறியார், பிள்ளையும் அறியாது. பிறகு வினா விடை கரும்பலகையில் எழுதப்படும். பிள்ளைகள் அதைப் படியெடுத்து, மனனம் செய்து, தேர்வில் இறக்கி வைப்பார்கள். வினாவும் பிள்ளையுடையது அன்று. விடையும் பிள்ளையுடையது அன்று.

பாடநூலில் குறை என்றும் முழுப்பழியைப் போட்டுவிட முடியாது. 2018 முதல் தமிழ்நாட்டில் வெளிவந்த புதிய ஆங்கிலப் பாடநூல்களில் கேட்டறியும் பயிற்சிகள் சேர்க்கப்பட்டன. ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வோ எழுத்துத் தேர்வாகவே நடந்துவந்திருக்கின்றது. மதிப்பெண் இல்லாத பக்கத்தை எந்த வகுப்பறை மதிக்கும்? ‘இது பரீட்சைக்கு வராது’ என்ற ஒரே சொல்லில் அந்தப் பக்கங்கள் புரட்டித் தள்ளப்படுகின்றன. வெளியுலகம் வைக்கும் தேர்வு வேறு விதமாக இருக்கின்றது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் செல்ல விரும்புவோர் எழுதும் ஐயெல்ட்ஸ் தேர்வில் செவிக்கென்றே நான்கு பகுதிகள், 40 வினாக்கள் உள்ளன. ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஒலிக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் ஒருமுறைகூடக் கேட்டுப் பழகாத பிள்ளை, அந்த ஒருமுறையில் எதைப் பிடிக்கும்?

ஆங்கிலத்தின் ஒலியமைப்பு நம் தமிழினுடையதைப் போன்றதன்று. தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மாறும். பதினைந்தைக் குறிக்கும் ‘ஃபிஃப்டீன்’ என்ற சொல்லில் அழுத்தம் பின்னே விழும். ஐம்பதைக் குறிக்கும் ‘ஃபிஃப்டி’யில் முன்னே விழும். விரைந்த பேச்சில் கடைசி ‘ன்’ தேய்ந்து மறையும்போது, அழுத்தம் ஒன்றே இரண்டையும் பிரித்துக் காட்டும். முடியும் என்பதற்கு ‘கேன்’, முடியாது என்பதற்கு ‘கேன்ட்’ என்று நம் பிள்ளைகள் எழுத்தில் படிக்கின்றனர். அமெரிக்கர் பேச்சில் அந்தக் கடைசி ‘ட்’ பெரும்பாலும் தனித்துக் கேட்பதில்லை. நடுவிலுள்ள உயிரொலி நிறைந்து ஒலித்தால் முடியாது. சுருங்கி ‘க்ன்’ என்று ஒலித்தால் முடியும். ‘ட்’டுக்காகக் காத்திருக்கும் தமிழ்ச் செவி, மறுப்பை இசைவாகக் கேட்டுவிடுகின்றது.

இங்கேதான் நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் கருத்து இருக்கின்றது. ஆங்கிலப் பேச்சில் ஓங்கி ஒலிப்பவை பெயர்களும் வினைகளும். பெரும்பாலும் தாழ்ந்து, குறுகி, ஒன்றோடொன்று ஒட்டி ஒலிப்பவை துணைவினைகள், முன்னிடைச் சொற்கள் ஆகியவை. ஒரு வாக்கியம் வாக்குறுதியா, நிபந்தனையா, ஐயமா, மறுப்பா என்று முடிவு செய்பவை பெரும்பாலும் இந்தச் சிறு சொற்களே. ‘நாங்கள் தருகின்றோம்’ என்பது வேறு. ‘இன்னது நடந்தால் தருவோம்’ என்பது வேறு. ஆங்கிலத்தில் இரண்டாவதற்குரிய ‘வுட்’ என்ற சொல் பேச்சில் ஒரு ‘ட்’டாகச் சுருங்கி, அடுத்து வரும் ஒலிக்குள் கரைந்துவிடும். கடை விளம்பரத்தில் ‘அப் டு’ என்ற சொற்கள் மெல்ல நழுவும். ஐம்பது விழுக்காடு தள்ளுபடி என்பது முழங்கும். ‘அதிகபட்சம் ஐம்பது’ என்று அவர்கள் சொன்னது நம் செவியில் ‘ஐம்பது’ என்றே விழுகின்றது.

ஆகவே, சொன்னதைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்கு எந்தச் சொற்கள் தேவையோ, அதே சொற்கள்தாம் பழகாத செவிக்குத் தப்பிப்போகின்றன. கேட்டறிதலை ஒரு பாடமாகவும், விமரிசனச் சிந்தனை என்று கல்வியாளர் கூறுவதை மற்றொரு பாடமாகவும் பிரித்து வைப்பது இதனால்தான் தவறு என்கின்றோம். கூர்மையாகக் கேளாதவனுக்கு ஆராய்வதற்குப் பொருளே கிடைப்பதில்லை. ஆராயும் எண்ணம் இல்லாதவனுக்கோ, கூர்மையாகக் கேட்பதற்குக் காரணமே இருப்பதில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘முதலில் மொழி வரட்டும், சிந்தனையெல்லாம் கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது முதல் வாதம். பிள்ளைக்குச் சிந்தனை இனிமேல்தான் வரவேண்டும் என்று இவர்கள் எண்ணுகின்றார்கள் போலும். நம் வீட்டுப் பிள்ளை உம்மாவோடு மீன் வாங்கப் போகின்றது. ‘இப்பப் பிடிச்ச மீனு’ என்று விற்பவர் சொல்கின்றார். உம்மா அதைக் கேட்டுக்கொண்டே செவுளைத் தூக்கிப் பார்க்கின்றார். பிள்ளையும் எட்டிப் பார்க்கின்றது. சொன்னவர் யார், சொல்வதால் அவருக்கு என்ன லாபம், சொன்னதற்குச் சான்று எங்கே என்ற மூன்றையும் எட்டு வயதிலேயே அது கற்றுக்கொண்டுவிட்டது. விமரிசனச் சிந்தனை என்பது இதற்கு மேல் பெரிய மந்திரம் ஒன்றும் அன்று. அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1910இல் ‘நாம் சிந்திக்கும் முறை’ பற்றி நூல் எழுதி, ஒரு நம்பிக்கையை அதன் ஆதாரங்களோடு வைத்துப் பார்ப்பதையே சிந்தனை என்று விளக்கினார். மீன் கடையில் நம் உம்மாமார் செய்வது அதைத்தான். மீன் கடையில் விழித்திருந்த அந்த அறிவை, ஆங்கில வகுப்பில் உறங்கவைத்தது நம் போதனை. இல்லாததைக் கொண்டுவந்து தரும்படி நாம் கேட்கவில்லை. இருப்பதைப் பறிக்காதீர்கள் என்றே கேட்கின்றோம்.

‘ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்துவிட்டால் தானே வந்துவிடும்’ என்பது இரண்டாவது வாதம். எத்தனையோ குடும்பங்கள் நகையை அடகு வைத்து இந்த வாதத்துக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் அச்சிட்ட நூலைத் தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் மனனம் செய்யச் சொல்வது ஆங்கில வழி ஆகாது. தமிழில் பேசினால் அபராதம் விதிக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே பிள்ளைக்கு ஆங்கிலம் வருவதற்கு முன்னால் மௌனம் வந்துவிடுகின்றது. ஆங்கிலத்தில் கேட்ட செய்தியைப் பற்றி அதற்கு ஓர் ஐயம் எழுகின்றது. அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. தமிழில் சொன்னால் தண்டனை. அந்த ஐயம் அங்கேயே மடிகின்றது. ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் ஆராய்ந்து சொல்லும் பிள்ளை ஆங்கிலத்தை விளங்கிக்கொண்ட பிள்ளையே. அதற்கு ஆங்கிலச் சொற்களைப் பிறகு தரலாம். மடிந்துபோன ஐயத்தை எழுப்பித் தருவது எளிதன்று.

மூன்றாவது வாதம் நம் சமுதாயத்துக்குள்ளிருந்தே வருகின்றது. ‘ஆசிரியர் சொன்னால் கேட்டுக்கொள்ளவேண்டும், எதிர்க்கேள்வி கேட்பது அதபு அன்று’ என்கின்றார்கள். இதனைச் சொல்பவர்கள் நம் முன்னோரின் கல்வி வரலாற்றை அறியாமல் சொல்கின்றார்கள் என்று வருத்தத்தோடு கூறுகின்றோம். உலகில் கேட்டலை ஓர் அறிவுத்துறையாகவே வளர்த்தவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள். ஆசிரியர் வாயிலிருந்து நேரே கேட்பதை ‘ஸமாஉ’ என்று பெயரிட்டு, அறிவு பெறும் வழிகளுள் அதையே மிக உயர்ந்ததாக அவர்களுள் பெரும்பாலோர் வைத்தார்கள். ஹிஜ்ரி 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் எட்டு வழிகளை வகுத்துரைத்தபோது முதலில் நிறுத்தியது அதனைத்தான்.

கேட்டார் என்பதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. நேரில் கேட்டாரா, இடையில் ஒருவர் விடுபட்டாரா, கேட்டவரின் நேர்மை எத்தகையது, கேட்டதைக் கலக்காமல் காத்துவைக்கும் ‘ளப்து’ அவரிடம் இருந்ததா என்று துருவினார்கள். பாடம் நடக்கையில் தூங்கி விழுந்தவரின் கேள்வி செல்லுமா, பேச்சில் ஈடுபட்டவரின் கேள்வி செல்லுமா, கேட்டுக்கொண்டே வேறொன்றை எழுதிக்கொண்டிருந்தவரின் கேள்வி செல்லுமா என்றுகூட விவாதித்தார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் ஆசிரியர் முன்னே முழங்காலிட்டு அமர்ந்த பெருமக்கள். பணிவு ஒருபுறமும் துருவி ஆராய்தல் மறுபுறமும் அவர்களிடம் கூடியே இருந்தன. ஒரு செய்தி வந்தால் தெளிவு தேடுங்கள் என்று சூரா அல்ஹுஜுராத் பணித்திருக்க, ஐயம் கேட்கும் பிள்ளையை ‘வாயாடி’ என்று அடக்குவது எந்த அதபு?

இதைச் சொல்லும்போது நம் வீட்டுக் குறையையும் சொல்லியாகவேண்டும். நம் மக்தப்களில் செவிக்கு முதலிடம் தருகின்றோம் என்பது உண்மை. தமிழில் இல்லாத இரண்டு ‘ஹா’க்களை, எழுத்தைக் காட்டுவதற்கு முன்பே உஸ்தாதின் வாயிலிருந்து கேட்கவைத்து, வேறுபடுத்தச் செய்கின்றோம். ஆங்கில ஆசிரியர்கள் நம்மிடம் கற்கக்கூடிய பாடம் அது. ஆனால் ஒலியோடு நின்றுவிடுகின்றோமே! ஏழாண்டு அரபு பயின்ற மாணவர்களுள் எத்தனை பேர் ஓர் அரபு வானொலிச் செய்தியைக் கேட்டு, அதில் சொல்லப்பட்டது என்ன, சொல்லாமல் விடப்பட்டது என்ன என்று கூறுவார்கள்? ஆங்கில வகுப்பை நோக்கி நீட்டும் விரல் நம்மை நோக்கியும் திரும்பவேண்டும்.

இது மதிப்பெண்ணைப் பற்றிய சிறு வழக்கு என்று எவரும் எண்ணவேண்டாம். 2022ஆம் ஆண்டில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்ற பெயரில் அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர் பலர், மியன்மாரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி வதைக்கப்பட்டனர். மீட்டுக் கொண்டுவரப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞரும் இருந்தனர். பாதிக்கப்பட்டவர்களை நாம் குறை சொல்லவில்லை, குற்றம் ஏமாற்றியவர்களுடையது. ஆயினும் அடுத்து ஓர் அழைப்பு வரும்போது, ‘பணியிடத்தின் முகவரி எது? விசா எந்த வகை? ஒப்பந்தத்தில் இது எழுதப்பட்டுள்ளதா?’ என்று ஆங்கிலத்தில் வினவவும், வரும் விடை நழுவும் இடத்தைச் செவியால் பிடிக்கவும் நம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாமா?

வீட்டில் இருப்பவர்களையும் இது விடவில்லை. காவல்துறை என்றும் சுங்கத்துறை என்றும் சொல்லிக்கொண்டு, ஆங்கிலத்திலும் இந்தியிலும் அதட்டி, ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டத்தைப் பற்றிப் பிரதமரே 2024 அக்டோபரில் தம் வானொலி உரையில் எச்சரித்தார். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. படித்தவர்களே அதில் சிக்கினார்கள். ஆங்கிலத்தில் அதிகாரக் குரல் கேட்டவுடன் ‘யெஸ் சார்’ என்று பணியப் பழகியதும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகின்றோம். இப்போது கணினி, தெரிந்தவர் குரலையே போலியாகச் செய்து தருகின்றது. குரலை அடையாளம் காண்பதுகூடப் போதாத காலத்தில், சொல்லை ஆராயாமல் எப்படித் தப்புவது?

குறை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நம் நோக்கமன்று. செய்யக்கூடியவற்றையும் சொல்கின்றோம்.

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாள்தோறும் பத்து நிமிடம் பிள்ளைகள் நூலை மூடி வைக்கட்டும். இரண்டு நிமிட அளவுள்ள ஒரு செய்தியையோ, அறிவிப்பையோ, விளம்பரத்தையோ இயல்பான வேகத்தில் சொல்லுங்கள், அல்லது ஒலிக்கவிடுங்கள். முதல்முறை கேட்டதும், என்ன சொல்லப்பட்டது என்று கேளுங்கள். இரண்டாம் முறை கேட்டதும், சொன்னவர் யார், ஏன் சொல்கின்றார் என்று கேளுங்கள். மூன்றாம் முறை கேட்டதும், எது சொல்லப்படாமல் விடப்பட்டது என்று கேளுங்கள். விடை தமிழில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ‘விளங்கியதா?’ என்று கேட்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு ‘யெஸ் சார்’ தவிர வேறு விடை வந்ததில்லை. ‘மீண்டும் சொல்லுங்கள்’, ‘அது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்ற பொருள்தரும் ஆங்கிலத் தொடர்களைப் பணிவோடு சொல்லும் முறையை முதல் மாதத்திலேயே கற்பியுங்கள்.

தேர்வு நடத்துவோரிடமும் ஒன்று சொல்வோம். செவிக்கு மதிப்பெண் ஒதுக்காதவரை இந்தப் பத்து நிமிடத்தைப் பெரும்பாலான வகுப்பறைகள் தரமாட்டா. எழுத்துத் தேர்வின் ஒரு பங்கையாவது கேட்டறிதலுக்கு மாற்றுங்கள்.

பெற்றோர்கள், ‘எங்களுக்கே ஆங்கிலம் தெரியாதே’ என்று தயங்கவேண்டாம். பிள்ளை கைப்பேசியில் பத்து நிமிடம் ஆங்கிலச் செய்தி கேட்கட்டும். பிறகு உம்மா தமிழில் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: என்ன சொன்னார்கள்? யார் சொன்னதாகச் சொன்னார்கள்? அவருக்கு அது எப்படித் தெரியும்? விடை சொல்ல முடியாத பிள்ளை மறுநாள் இன்னும் கவனமாகக் கேட்கும். இதற்கு உம்மாவுக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. மீன் கடையில் காட்டும் விழிப்பு இருந்தால் போதும்.

நம்மிடம் வந்த அந்த இளைஞர் இப்போது நாள்தோறும் இஷா தொழுகைக்குப் பின் ஆங்கிலச் செய்தி கேட்கின்றார். அருகில் அமர்ந்து அவருடைய வாப்பா இந்த மூன்று கேள்விகளைக் கேட்கின்றார். முதல் வாரம் பிள்ளை பெரும்பாலும் ஊர்ப் பெயர்களையும் எண்களையும் மட்டுமே சொன்னாராம். ஒரு மாதம் கழித்து, “வாப்பா, நடந்துச்சுன்னு அவங்க சொல்லல, நடந்திருக்கலாம்னுதான் சொன்னாங்க” என்று திருத்தியிருக்கின்றார். இதைச் சொல்லும்போது அந்தத் தந்தையின் முகத்தில் கண்ட நிறைவை, மதிப்பெண் பட்டியலை நீட்டிய நாளில் நாம் காணவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குச் செல்லும்போது, பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு மட்டும் திரும்பாதீர்கள். இந்த மாதத்தில் என் பிள்ளை நூலைப் பாராமல் ஆங்கிலத்தைக் கேட்டது எத்தனை முறை? கேட்டதைப் பற்றித் தானாக ஒரு கேள்வி கேட்டது எத்தனை முறை? இந்த இரண்டையும் வினவுங்கள். விடை வரும்வரை நின்று கேளுங்கள்.